அழைப்பு வந்தால் கேட்கும்

கிளிநொச்சி வட்டக்கச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இது. நீளமான கடிதம் என்பதால் முக்கியமான பகுதிகளை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 36 வயது. கணவர் கட்டாரில் கட்டட வேலை. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் முன்பள்ளி. மாமி எங்களோடு இருக்கிறா. இரண்டு மாடு நிற்கிறது. விடிய நாலரைக்குப் போனில் அலாரம் அடிக்கும். அதை நிற்பாட்டப் போனை எடுத்தால் வட்ஸ்அப்பைப் பார்க்காமல் கீழே வைக்க முடியாது. ஐந்தரைக்குக் கனடாவிலிருந்து அக்கா எடுப்பா. பால் கறந்தபடியே ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பேன். பகல் முழுக்க பள்ளிக்கூடக் குழு, மாதர் சங்கக் குழு, சீட்டுக் குழு, குடும்பக் குழு. இவர் வேலை முடித்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு எடுக்கும்போது இங்கே இரவு பதினொன்றரை ஆகிவிடும். பன்னிரண்டரை வரைக்கும் கதைப்போம். பிறகு நித்திரை வராது. ஒன்றேகால் வரைக்கும் வீடியோ பார்த்துக்கொண்டு கிடப்பேன். இடையில் முழிப்பு வந்தாலும் கை தானாகப் போனைத் தேடும். மறதி கூடிவிட்டது. பிள்ளைகளில் எரிந்து விழுகிறேன். போன கிழமை மகள், 'அம்மா, நான் சொல்லுறதைப் போனை வைச்சிட்டுக் கேளுங்கோ' என்று சொன்னாள். நான் போனுக்கு அடிமையாகிவிட்டேன் என்கிறா மாமி. அதை விற்றுவிட்டுப் பட்டன் போன் ஒன்று வாங்குவோமா என்று யோசிக்கிறேன். ஆனால் 2009க்குப் பிறகு அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதனால் போனை நிற்பாட்டி வைக்கவும் மனம் வராது. நான் என்ன செய்ய?"

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அடிமை என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நீங்களே எழுதிய மணிகளை முதலில் கூட்டிப் பார்ப்போம். ஒன்றேகாலுக்குப் படுக்கிறீர்கள், நாலரைக்கு எழும்புகிறீர்கள். மூன்றேகால் மணித்தியாலம். இடையில் முழிப்பு வந்து போனைப் பார்த்தால் அதுவும் மூன்றுக்கு இறங்கிவிடும். வளர்ந்த ஒருவருக்கு ஏழு மணித்தியால நித்திரையாவது வேண்டும். நீங்கள் அதில் பாதிகூடக் கொள்வதில்லை. மறதியையும் கோபத்தையும் போன் பழக்கத்தின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அவற்றில் முக்கால்வாசி நித்திரைக் குறைவால் வருகிறது. ஒரு மாதம் ஒழுங்காக நித்திரை கொண்ட பிறகும் அவை இருந்தால் அப்போது வேறு காரணம் தேடுவோம். அதனால் உங்கள் இரவிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் உடம்புக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காக 2017இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பொழுதுபட்டு இருட்டத் தொடங்கினால் மூளையில் மெலற்றோனின் என்ற சுரப்பு கூடும், உடம்பு நித்திரைக்கு ஆயத்தமாகும். கண்ணுக்கு நேரே வெளிச்சம் விழுந்தால் அது பிந்தும். போன் வெளிச்சம் கெடுதல் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் வெளிச்சம் சின்னக் காரணம் என்று நினைக்கிறேன். கணவரோடு ஒரு மணித்தியாலம் கதைக்கிறீர்கள். கடன், அரைகுறையாக நிற்கும் வீடு, மகளின் புலமைப்பரிசில் சோதனை எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். பிறகு அவர் வைத்துவிடுவார். வீடு ஒரேயடியாக அமைதியாகிவிடும். கணவர் வெளிநாட்டில் இருக்கும் எத்தனையோ பெண்கள் என்னிடம் சொன்ன விஷயம் இது: கதைத்து முடித்த பிறகு வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நாளிலேயே கஷ்டமான நேரம் என்று. அந்த வெறுமையைத் தாண்டத்தான் உங்கள் கை வீடியோவைத் தேடுகிறது. இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏன் அதை வைக்க முடிவதில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். இரணைமடுக் குளத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். போட்டவுடன் ஒவ்வொரு தரமும் மீன் பட்டால் வேண்டியதை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார்கள். ஒன்றுமே படாவிட்டாலும் எழும்பிவிடுவார்கள். எப்போது படும் என்று தெரியாமல் இடைக்கிடை ஒன்று படுவதால்தான் வெயிலிலும் இருக்கிறார்கள். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைத்தான் காட்டினார். எப்போது தீன் விழும் என்று தெரியாத புறா கொத்துவதை லேசில் நிறுத்தாது. உங்கள் போனும் அப்படித்தான். பத்துச் செய்தியில் ஒன்பது 'காலை வணக்கம்' படம், ஒன்று உண்மையான செய்தி. அந்த ஒன்று எது என்று திறந்து பார்க்காமல் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1997இல் நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். மின்சாரம் இல்லை, அரசாங்கம் பற்றரி வர விடாது, மண்ணெண்ணெய் விலையைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. அயலில் ஒரு அண்ணன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோவைப் பாட வைப்பார். கை உளைந்தால் இன்னொருவர் சுற்றுவார். அரை மணித்தியாலம் எல்லாரும் மூச்சுக் காட்டாமல் கேட்போம். செய்தி முடிந்ததும் சக்கரம் நிற்கும், ரேடியோ நிற்கும், எல்லாரும் படுக்கப் போய்விடுவோம். அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அந்தச் செய்திகளைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டு படுத்த இரவுகள் உண்டு. ஆனால் அந்த ரேடியோவுக்கு ஒரு முடிவு நேரம் இருந்தது, ஏனென்றால் யாரோ ஒருவரின் கை அதைச் சுற்ற வேண்டியிருந்தது. உங்கள் கையில் இருக்கும் போனைச் சுற்ற யாரும் தேவையில்லை. ஒரு வீடியோ முடிய அடுத்தது தானாக வந்துவிடும். நிற்க வேண்டிய இடத்தை அது காட்டாது, அதை வீட்டிலிருக்கும் நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்கள் ஒரு நாளில் மூன்று நாடுகளின் மணிக்கூடு ஓடுகிறது. கட்டார் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் பின்னால். அக்கா அங்கே இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டு வேலை முடித்து ஆறுதலாக எடுக்கிறா. அது உங்களுக்கு மாட்டடியில் நிற்கும் ஐந்தரை மணி. நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னால் தள்ளியதும் அதே எட்டு மணி உங்களுக்கு ஆறரை ஆகிவிடும். பால் கொடுக்கப் போகிற நேரமும் பிள்ளைகள் வெளிக்கிடுகிற நேரமும் அதுதான். யாரும் உங்களை வருத்த நினைக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் ஓய்வு நேரத்தில் அன்பாக எடுக்கிறார்கள், அது முழுவதும் உங்கள் வேலை நேரத்திலும் நித்திரை நேரத்திலும் வந்து விழுகிறது.

வன்னிச் சனத்துக்கு இது புதுச் சிக்கலும் இல்லை. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அதை ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, கிட்டத்தட்ட பத்து வருடம், எங்களுக்குப் 'பழைய நேரம்', வெளியே 'புது நேரம்'. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டும்போதெல்லாம் கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் திருப்பியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போது நாங்கள் பஸ்ஸுக்கும் கடிதத்துக்கும் புது நேரத்தைக் கணக்குப் பார்த்தோம், சமையலையும் வயலையும் நித்திரையையும் பழைய நேரத்தில் வைத்திருந்தோம். அதையே இப்போதும் செய்யலாம். உங்கள் வீட்டுக்கு உங்கள் நேரம். கட்டாரும் கனடாவும் அதற்குள் எங்கே பொருந்தும் என்று பார்ப்போம்.

கணவரிடம் இப்படிக் கேளுங்கள். கட்டாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி பின்னேரம் நீங்கள் கோயிலுக்குப் போய் வந்து ஏழு மணிக்கு எடுத்தால் அங்கே நாலரை. பிள்ளைகளும் முழித்திருப்பார்கள், மாமியும் மகனோடு கதைப்பா. கடன், வீடு, சோதனை என்று பாரமான கதை எல்லாம் அந்த நாளுக்கு. மற்ற நாட்களில் அவருடைய மத்தியான இடைவேளையில் பத்து நிமிடம். அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே மூன்று மணி, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். கோடை வெயில் காலத்தில் இது இன்னும் சுகம். ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று கட்டாரில் 2021இலிருந்து சட்டம் இருக்கிறது. வெளியில் நின்று செய்கிற வேலை என்றால் அவருக்கு அந்த நேரம் ஓய்வாக இருக்கும். எங்களுக்கு அது மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து ஆறு வரை.

இரவில் அவர் அறைக்கு வந்து தனியாக இருக்கும்போது உங்களோடு கதைக்க ஆசை வரும். அதை மறுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அந்த நேரத்தில் அவர் ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பட்டும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. நீங்கள் அதை விடிய, தேத்தண்ணி குடிக்கும்போது, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நீங்களும் படுக்கப் போகுமுன் ஒன்று பேசி அனுப்புங்கள், அவர் வேலை முடிந்து வந்து கேட்பார். முந்தி நாங்கள் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தோமே, அதைப்போல குரலையும் திரும்பத் திரும்பக் கேட்கலாம். இதைக் கேட்டு முதலில் அவர் மனம் நோவார். "என்னைத் தவிர்க்கிறியா?" என்று கேட்கவும் கூடும். அப்போது சாட்டுச் சொல்லாதீர்கள். மூன்று மணித்தியால நித்திரையோடு பால் கறந்து பிள்ளை வளர்ப்பதை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள். வெயிலில் நிற்கிற ஆளுக்கு உடம்புக் களைப்பைப் பற்றி யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அக்காவுக்கு: மாட்டடியில் போன் வேண்டாம். மாடு பழகிய நேரம், பழகிய கை, பழகிய சத்தம் இருந்தால்தான் பாலை விடும். குழம்பினால் அடக்கிக்கொள்ளும், இது உங்களுக்குத் தெரியாததல்ல. சனி அல்லது ஞாயிறு இரவு ஏழரைக்கு எடுக்கச் சொல்லுங்கள். அங்கே அது காலை ஒன்பதோ பத்தோ, விடுமுறை நாள். கிழமைக்கு ஒரு தரம் நிம்மதியாகக் கதைத்தால் இரண்டு பேருக்கும் கதை மிஞ்சும்.

குழுக்களை விரைவாக முடிக்கிறேன், ஏனென்றால் அதில் யோசிக்க அதிகம் இல்லை. வட்ஸ்அப்பில் ஒவ்வொரு குழுவின் சத்தத்தையும் நிரந்தரமாக அடைத்துவிடலாம். நீங்கள் குழுவை விட்டு விலகவில்லை, சத்தம் மட்டும் வராது, அடைத்தது மற்றவர்களுக்குத் தெரியவும் வராது. பள்ளிக்கூடக் குழுவைப் பின்னேரம் ஐந்துக்கும் இரவு எட்டுக்கும் பாருங்கள். இந்தப் பழக்கம் 2020இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் மூடியபோது தொடங்கியது. அப்போது தேவைப்பட்டது. இப்போது பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறாள். மற்ற மூன்று குழுவும் நாளைக்கு ஒரு தரம் பார்த்தால் போதும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது எதற்கென்று வட்டக்கச்சியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மடையும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தால் கடைசி வயலுக்கு ஒன்றும் வராது. உங்கள் வீட்டில் அந்தக் கடைசி வயலில் இப்போது உங்கள் மகள் நிற்கிறாள்.

அவள் சொன்னதை நீங்கள் ஒரு குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு மூன்று நாள் அழுததாக எழுதியிருந்தீர்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். பத்து வயதுப் பிள்ளை தனக்கு என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டிருக்கிறாள். உங்களிடம் கேட்டால் கிடைக்கும் என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிடும் அந்த அரை மணித்தியாலம் போனை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் இருங்கள். அப்புறம் அப்பாவின் பத்து நிமிடம். படிப்பைப் பற்றிக் கேட்க வேண்டாம், அவளே கதைப்பாள்.

பட்டன் போன் வாங்க வேண்டாம். பள்ளிக்கூடச் செய்தி, வங்கி, கணவரின் முகம் எல்லாம் இதில்தான் வருகிறது. விற்றால் இரண்டு மாதத்தில் கடன்பட்டு இன்னொன்று வாங்குவீர்கள். வாங்க வேண்டியது வேறொன்று: கிளிநொச்சிச் சந்தையில் ஒரு சாதாரண அலாரம் மணிக்கூடு. நாலரைக்கு அது எழுப்பட்டும். போனை எடுத்துத்தான் எழும்ப வேண்டும் என்ற நிலை இருக்கும் வரைக்கும் உங்கள் விடியல் வட்ஸ்அப்பில்தான் தொடங்கும். எழும்பி, முகம் கழுவி, அடுப்பு மூட்டி, பால் கறந்து கொடுத்துவிட்டு வந்த பிறகு போனைத் தொடுங்கள். இரவு ஒன்பதரைக்குப் படுத்தால் நாலரைக்கு ஏழு மணித்தியாலம் சரியாக வரும். முதல் கிழமை நித்திரை வராமல் புரண்டுகொண்டு கிடப்பீர்கள். பரவாயில்லை. எழும்பும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், நித்திரை தானாக முன்னுக்கு வரும்.

இனி, நீங்கள் அண்ணாவைப் பற்றிக் கடைசியில் ஒரு வரியில் எழுதியதற்கு வருகிறேன். இடையில் முழித்துப் போனைத் தேடுவது வீடியோவுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு பல வருடம் வேலை செய்திருக்கிறேன். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டம் தொடங்கிய தாய்மாரையும் அறிவேன். எத்தனையோ படிவங்களில் எழுதிக் கொடுத்த நம்பர் என்பதால் அதை மாற்றவே மாட்டோம் என்று பழைய சிம்மைப் பத்திரமாக வைத்திருக்கும் அம்மாக்கள் உண்டு. குளிக்கப் போனாலும் போனைக் கிணற்றுக் கட்டில் வைப்பார்கள். இவர்களிடம் போய், இரவில் போனை நிற்பாட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களிடமும் சொல்லமாட்டேன்.

ஆனால் அழைப்பு வேறு, செய்தி வேறு. போனில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் எல்லாமே அடங்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. எவை உள்ளே வரலாம் என்று நீங்களே தெரிவு செய்யலாம். அழைப்புகள் என்ற இடத்தில், யார் எடுத்தாலும் ஒலிக்கட்டும் என்று விடுங்கள். தெரியாத நம்பரும் அதற்குள் வரும், அது முக்கியம். செய்திகளையும் மற்ற அறிவிப்புகளையும் அடைத்துவிடுங்கள். இரவு ஒன்பதரையிலிருந்து காலை ஆறரை வரைக்கும் தானாக அப்படி ஆகும்படி நேரமும் குறித்து வைக்கலாம். செய்யத் தெரியாவிட்டால் போன் திருத்துகிற கடையில் கேளுங்கள், இரண்டு நிமிட வேலை. டேட்டாவில் வரும் அழைப்புகள் சில போன்களில் இதற்குள் அடங்கிப்போகும். அதனால் அவசரம் என்றால் சாதாரணக் கோல் எடுக்கச் சொல்லிக் கணவருக்கும் அக்காவுக்கும் சொல்லி வையுங்கள். ரிங் சத்தத்தை முழுதாகக் கூட்டி, கட்டிலில் இருந்து எட்டாத தூரத்தில், அலுமாரிக்கு மேல் சார்ஜில் போடுங்கள்.

அதன் பிறகு இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் இதை மட்டும் நினையுங்கள்: அழைப்பு வந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. முதல் சில நாள் எழும்பிப் போய்ப் பார்ப்பீர்கள், அதுவும் சரி. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு மாதத்துக்குப் பிறகும் நித்திரை வராவிட்டால், அல்லது இதற்கிடையில் இரவில் மனம் தாங்க முடியாமல் போனால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள். நடு இரவு என்றால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி எண் அது, எந்த நேரமும் கதைக்கலாம்.

மாமியைப் பற்றி, கணவரைப் பற்றி, மாடுகளைப் பற்றிக்கூட ஐந்து பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அண்ணாவைப் பற்றி ஒரு வரி. அவருடைய பெயர்கூட இல்லை. அவர் எப்படிப்பட்டவர், உங்களை எப்படிக் கூப்பிடுவார், என்ன வயதில் கடைசியாகக் கண்டீர்கள் என்று ஆறுதலாக எழுதுங்கள். பிரசுரிக்கமாட்டேன். எனக்கு மட்டும்.